ஃபைபர் மீன்பிடிப் படகு: மெருகுக்கு அடியில் பார்க்க வேண்டியவை

பழைய ஃபைபர் படகை விற்க நினைப்பவர் முதலில் செய்யும் வேலை மெருகேற்றுவது. ஒரு நாள் பாலிஷ் மெஷினை ஓட்டி, மேலே மெழுகு தேய்த்துவிட்டால் 20 வயதுப் படகும் போன வாரம் கடலில் இறக்கியதுபோல மின்னும். வாங்க வருபவர் பக்கச் சுவரைத் தடவிப் பார்ப்பார், எஞ்சினைக் கிளப்பச் சொல்வார், மீன் காட்டும் கருவியின் திரை எவ்வளவு பெரிது என்று கேட்பார், விலை படிந்துவிடும். அந்தப் படகின் ஆயுளைத் தீர்மானிக்கும் பாகங்களில் ஒன்றைக்கூட அவர் பார்த்திருக்க மாட்டார். அவை தளத்துக்கு அடியிலும் பின்பலகைக்கு உள்ளேயும் இருக்கின்றன. ஃபைபர் படகு எப்படிக் கட்டப்படுகிறது என்று ஓரளவு தெரிந்தால், அங்கே எப்படிப் பார்ப்பது என்பதும் பிடிபட்டுவிடும்.

ஃபைபர்கிளாஸில் இரண்டு பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. கண்ணாடியை உருக்கி மெல்லிய இழைகளாக இழுத்துச் செய்த விரிப்பு ஒன்று. அதை ஊறவைத்து இறுகச் செய்யும் ரெசின் இன்னொன்று. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டுமானத் தளத்தில் வேலை பார்த்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம்: கம்பி இழுவையைத் தாங்குகிறது, கான்கிரீட் அந்தக் கம்பியை இடம் மாறாமல் பிடித்துக்கொள்கிறது. இங்கே கம்பி கண்ணாடியிழை, கான்கிரீட் ரெசின். கம்பியைக் குறைத்துக் கலவையை அள்ளிக் கொட்டினால் தூண் பருமனாகத்தான் இருக்கும், பலமாக இருக்காது. படகிலும் அப்படியே. ரெசின் மிகுந்த படகு கனமாக இருக்கும், அடி பட்டால் வெடிக்கும். "நல்ல வெயிட்டான படகு அண்ணே" என்று விற்பவர் சொல்வது பாராட்டுத்தானா என்று இதை வைத்தே யோசிக்கலாம்.

படகை வெளியிலிருந்து உள்ளே நோக்கிக் கட்டுகிறார்கள். படகின் வடிவத்தில் ஓர் அச்சு இருக்கும். அதன் உட்பக்கத்தில் மெழுகு தடவி, முதலில் ஜெல்கோட் என்ற நிறப்பூச்சை அடிப்பார்கள். நாம் தடவிப் பார்த்து மயங்கும் பளபளப்பு இதுதான். தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதன்மேல் இழைவிரிப்பு, ரெசின், மறுபடி விரிப்பு, மறுபடி ரெசின் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒவ்வோர் அடுக்கிலும் காற்றுக்குமிழ்கள் வெளியேற உருளையால் அழுத்தி உருட்ட வேண்டும். இந்த உருட்டல் சலிப்பான வேலை. அவசரக்காரப் பட்டறை கோட்டை விடுவதும் இங்கேதான். கையால் அடுக்கிய படகில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கண்ணாடியிழை இருக்கும். காற்றை உறிஞ்சி வெற்றிடத்தில் ரெசினைப் பாய்ச்சும் முறையில் இழையின் பங்கு பாதியைத் தாண்டும். அதனால் அதே பலத்துக்கு எடை குறையும்.

ஊரில் நாகப்பட்டினம், கடலூர் பக்கம் உறவினர் இருப்பவர்களுக்கு ஃபைபர் படகு புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையோரம் முழுக்கக் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் வேகமாகப் பிடித்தன. அந்த அனுபவத்தை இங்கே அப்படியே பொருத்த முடியாது. அங்கே கடலுக்குப் போய் வந்த படகை மணலில் இழுத்து ஏற்றிவிடுவார்கள். வெயிலில் அது காய்ந்துவிடும். சிங்கப்பூரில் மரீனா என்ற படகுத்துறையில் கட்டிய படகு இரவும் பகலும் 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பான கடலில் மிதந்துகொண்டே இருக்கிறது. வார நாளில் யாரும் அதை எட்டிப் பார்ப்பதில்லை. நம் ஊர்ப் படகுக்கு வராத வியாதிகள் இந்தப் படகுக்கு வருவது இதனால்தான்.

இழையும் ரெசினும் மக்குவதில்லை. மக்குவது மரம். பழைய ஃபைபர் படகுகள் பெரும்பாலானவற்றில் மரம் ஒளிந்திருக்கிறது. மெல்லிய ஃபைபர் ஓடு வளையாமல் இருக்க, அடியில் அணியத்திலிருந்து பின்பக்கம் வரை நீளவாக்கில் கட்டைகள் ஓடும், ஸ்ட்ரிங்கர் என்பார்கள். நாம் நிற்கும் தளத்துக்குள் பிளைவுட். எஞ்சின் தொங்கும் பின்பலகைக்குள்ளும் தடித்த பிளைவுட். எல்லாவற்றின் மேலும் ஃபைபர் போர்த்தியிருப்பதால் மரம் கண்ணுக்குப் படாது. போர்வை முழுமையாக இருக்கும்வரை கவலையில்லை. ஆனால் யாரோ ஒருவர் தூண்டில் கம்பு செருகும் குழாய் மாட்டுவார், இன்னொருவர் ஏணி வைப்பார், மற்றொருவர் மீன் காட்டும் கருவியின் சென்சரைப் பின்பலகையில் திருகுவார். துளை போட்டவர் உள்ளே சீலண்ட் வைக்க மறந்திருந்தால் ஒவ்வொரு திருகாணியும் தண்ணீருக்கு ஒரு வாசல். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. மரம் ஊறி, கறுத்து, கடைசியில் கையால் பிசையும் பதத்துக்கு வந்துவிடும். வெளியே ஜெல்கோட் அப்போதும் மின்னிக்கொண்டுதான் இருக்கும்.

இதில் ஆபத்தான இடம் பின்பலகை. 115 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் ஏறத்தாழ 170 கிலோ இருக்கும். அந்த எடை பின்பலகையில் தொங்குவது மட்டுமல்ல. ஓடும்போது படகு முழுவதையும் தள்ளும் விசையும் அந்தப் பலகை வழியாகத்தான் போகிறது. உள்ளே மரம் மக்கிய பின்பலகை நடுக்கடலில் விரிந்தால் என்ன ஆகும் என்று எழுதிக் காட்டத் தேவையில்லை.

சோதிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினை முழுதாக மேலே தூக்கி நிறுத்தி, அதன் கீழ்முனையைப் பிடித்து மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். ஒருவர் அழுத்த, இன்னொருவர் பின்பலகையில் கண் வைக்க வேண்டும். பலகை வளைந்து கொடுத்தாலோ, மேல்விளிம்பில் விரிசல் திறந்து மூடினாலோ பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அடுத்து, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் பின்பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கூர்மையாகக் கேட்கும். ஊறிய இடத்தில், அல்லது அடுக்குகள் பிரிந்த இடத்தில், 'தொப்' என்று அமுங்கும். காது பழகச் சில நிமிடம் ஆகும், அவ்வளவுதான். திருகாணிகளின் அடியில் காபி நிறத்தில் நீர் வடிந்த தடம் இருந்தால் அது மக்கிய மரத்தின் சாறு. தளத்தின் மேல் குதிகாலை ஊன்றி நடந்து பாருங்கள். எங்கேனும் மெத்தென்று இருந்தால் அதற்குக் கீழே இருக்கும் ஸ்ட்ரிங்கரையும் நம்ப முடியாது. தளத்தைப் பிரித்து மரத்தை மாற்ற முடியும். ஆனால் அந்தக் கூலி சிறிய படகில் படகின் விலையையே எட்டிப்பிடிக்கக்கூடும்.

புதிய படகுகள் பலவற்றில் மரத்துக்குப் பதிலாக அடர்ந்த ஃபோம் அல்லது கலவைப் பலகை வைக்கிறார்கள். கூடுதல் விலை கொடுக்கலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இது. ஆனால் "மரமே இல்லை" என்ற பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பின்பலகையில் என்ன, ஸ்ட்ரிங்கரில் என்ன, தளத்தில் என்ன என்று தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மூன்றில் ஒன்றில் மட்டும் பிளைவுட் வைக்கும் பட்டறைகளும் உண்டு.

தண்ணீரில் நெடுங்காலம் நிற்கும் படகுக்கே உரிய இன்னொரு வியாதி கொப்புளம். ஜெல்கோட் தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை. மிக மெதுவாக ஈரம் ஊடுருவுகிறது. அது ரெசினில் இறுகாமல் மிஞ்சிய வேதிப்பொருள்களைக் கரைத்து அடர்ந்த திரவமாகிறது. அந்தத் திரவம் மேலும் தண்ணீரை இழுக்க, உள்ளே அழுத்தம் கூடிக் கொப்புளம் எழும்புகிறது. ஆஸ்மோசிஸ் என்று சொல்வது இதைத்தான். வெதுவெதுப்பான நீரில் இது வேகமாக நடக்கும். கொப்புளத்தைக் குத்தினால் புளித்த காடி வாடை அடிக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. அடிப்பகுதி முழுக்க அம்மை போட்டதுபோல இருந்தால் ஜெல்கோட்டை உரித்து, மாதக்கணக்கில் காயவைத்து, எபாக்சி பூசியாக வேண்டும். அந்தப் படகு யாருக்காவது லாபம் என்றால் அது பட்டறைக்காரருக்குத்தான். நீர்மட்டத்துக்குக் கீழே வினைல் எஸ்டர் ரெசின் அடுக்கு வைத்துக் கட்டியிருந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

விரிசல்களைப் பற்றிச் சுருக்கமாக: மேல்தளத்தில் மயிரிழை போல ஒன்றிரண்டு கோடுகள் பழைய படகில் இருக்கத்தான் செய்யும், அவை ஜெல்கோட்டோடு நின்றுவிடும். ஆனால் அடிப்பகுதியில் ஒரே திசையில் வரிசையாக ஓடும் கோடுகளும், பின்பலகை பக்கச்சுவரைச் சந்திக்கும் மூலையில் தெரியும் கோடுகளும் படகு அங்கே வளைகிறது என்பதற்கு அடையாளம்.

ஃபைபர் தானாக மிதக்காது. தண்ணீரைவிடக் கனமான பொருள் அது. உள்ளே தண்ணீர் நிறைந்தால் மூழ்கிவிடும். அதனால் நல்ல சிறிய படகுகளில் வெற்றிடங்களில் ஃபோம் நிரப்புகிறார்கள். 1958-ல் அமெரிக்காவில் வந்த பாஸ்டன் வேலர் என்ற 13 அடிப் படகு இதனால்தான் பேர் வாங்கியது. அதன் உற்பத்தியாளர் ரிச்சர்ட் ஃபிஷர், படகின் மேல் உட்கார்ந்திருக்கும்போதே அதை ரம்பத்தால் இரண்டாக அறுக்கச் செய்து, பாதிப் படகில் மிதந்து காட்டினார். 1961-ல் லைஃப் பத்திரிகையில் அந்தப் படங்கள் வந்தன. ஃபோம் இருப்பது நல்லது, ஆனால் பழைய படகில் அதுவே தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கக்கூடும். எஞ்சினும் எரிபொருளும் வழக்கமான அளவில் இருக்கும்போது படகு பழைய நீர்க்கோட்டுக்கு மேல் அமிழ்ந்து நின்றால், அந்த எடை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

இனி வடிவம். அடிப்பகுதியின் குறுக்குவெட்டு 'வி' எழுத்துப்போல எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதைப் பின்பலகையில் டிகிரிக் கணக்கில் சொல்வார்கள். தட்டையான அடி சுழியம். ரே ஹன்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஏறத்தாழ 24 டிகிரி கொண்ட ஆழ்ந்த வி வடிவத்தைக் கொண்டுவந்தார். அந்த வடிவத்தில் கட்டிய மாப்பி என்ற படகு 1960-ல் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நசாவுக்கு நடந்த பந்தயத்தில் வென்றதும் உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. ஆழ்ந்த வி, அலையில் வேகமாக ஓடும்போது குலுக்கலைக் குறைக்கும். ஆனால் நிறுத்தியதும் பக்கவாட்டில் ஆடும், எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும். தட்டை அடி நிற்கும்போது அசையாது, ஓடும்போது முதுகெலும்பை எண்ணவைக்கும்.

சிங்கப்பூரில் நாம் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். அரை மணி நேரம் ஓடி, நங்கூரம் போட்டு, நான்கைந்து மணி நேரம் ஒரே இடத்தில் களவாய்க்கும் செப்பிலிக்கும் கொடுவாவுக்கும் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். பந்தயத்துக்குப் போவதில்லை. இங்கே பெருங்கடல் அலையும் இல்லை. இருப்பது பெரிய கப்பல்களும் ஃபெரிகளும் எழுப்பிவிட்டுப் போகும் அலை, எதிரோட்டத்தில் காற்று அடிக்கும்போது எழும் குட்டைக் குட்டை அலை. என் கணிப்பில் 16 முதல் 19 டிகிரி போதும். 24 டிகிரிப் படகில் நங்கூரம் போட்டு அமர்ந்து, பக்கத்தில் கப்பல் போகும்போதெல்லாம் பிள்ளைகள் வாந்தி எடுப்பதைப் பார்த்தவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள். ஜொகூர் நீரிணையின் அமைதியான நீரில் மட்டுமே மீன் பிடிப்பவருக்கு இதைவிடத் தட்டையான அடியும் சரிதான்.

வடக்கே ஜொகூர் நீரிணையிலா, தெற்கே தென்தீவுகள் பக்கமா, எங்கே மீன் பிடிக்கப் போகிறோம் என்ற கேள்வியை, படகைப் பார்க்கப் போகும் முன்பே தீர்த்துக்கொள்வது நல்லது. காரணம் ஜொகூர் பாலம். 1924-ல் திறக்கப்பட்ட அந்தக் கடற்பாலம் நீரிணையைக் குறுக்கே அடைத்து நிற்கிறது. படகு கடந்து போக வழியில்லை. வடகரையில் பொங்கோலிலோ செம்பவாங்கிலோ படகை நிறுத்திவிட்டு தெற்கே புலாவ் ஹந்து தீவுப் பக்கம் போக ஆசைப்பட்டால், கிழக்கே சாங்கியைச் சுற்றிப் பாதித் தீவை வலம் வர வேண்டும். அதற்கு எரிபொருள் தாங்கியும் படகின் அளவும் பெரிதாக வேண்டும். வடகிழக்கில் புலாவ் உபின் தீவின் சுற்றுவட்டாரமே போதும் என்பவருக்கு 17, 18 அடி தாராளம். செந்தோசாவிலோ துவாசிலோ நிறுத்தித் தென்தீவுகளுக்குப் போகிறவர் 20 அடிக்கு மேல் பார்ப்பது நல்லது. அங்கே நீரோட்டம் 2, 3 நாட் (மணிக்கு 2, 3 கடல் மைல்) வேகத்தில் இழுக்கும், கப்பல் அலையும் கூடுதல்.

காருக்கு இருப்பதுபோலப் படகுக்கு சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) கிடையாது என்று துள்ளுபவர்கள், நிறுத்துமிட வாடகையைக் கேட்டதும் உட்கார்ந்துவிடுவார்கள். வாடகை படகின் நீளத்தைப் பார்த்து ஏறுவது வழக்கம். படகைத் தூக்கி உலர்நிலையில் வைக்கும் வசதி கிடைத்தால் அதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். கொப்புளம் வராது, கொட்டலசு ஒட்டாது, அடியில் பாசித்தடுப்புப் பெயின்ட் அடிக்கும் செலவும் மிச்சம். ஆனால் உலர்நிலையில் நீளத்துக்கும் எடைக்கும் வரம்பு இருக்கும். ஆகவே இடத்தை உறுதி செய்துவிட்டு, அந்த வரம்புக்குள் படகு தேடுங்கள். இதைத் தலைகீழாகச் செய்தவர்கள் விளம்பரத்தில் "அவசர விற்பனை" போட்டிருப்பார்கள்.

படகின் அமைப்பில் நடுவே சுக்கான் மேடை வைத்து நாலாபுறமும் நடக்க இடம் விட்டது மீன்பிடிக்க வசதி. மீன் படகைச் சுற்றி ஓடினால் நீங்களும் கம்போடு சுற்றி வரலாம். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி வடக்கே இருக்கிறோம். மேலே நிழல் இல்லாத படகில் பகல் 11 மணிக்கு மேல் யாரும் இருக்க மாட்டார்கள். ஆகவே கூரை அவசியம். அது துணியா ஃபைபரா என்பது பணத்தைப் பொறுத்தது. பக்கச்சுவர் பெரியவரின் முழங்காலுக்கு மேல் வர வேண்டும். தளம் தண்ணீரைத் தானாக வெளியேற்றும் வகையா என்று கேட்டால் எல்லா விற்பனையாளரும் "ஆமாம்" என்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, வந்திருப்பவர்கள் எல்லோரையும் பின்பக்கம் போய் நிற்கச் சொல்வது. வடிதுளை வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறிவந்தால், மாமா, மச்சான், ஐஸ்பெட்டி எல்லாம் ஏறும் நாளில் காலை நனைத்துக்கொண்டுதான் மீன் பிடிக்க வேண்டும்.

வானிலையையும் இந்தக் கணக்கில் சேருங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையிலும் காலையிலும் வரும் சுமத்ரா சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். மீன்பிடிக்கக் கிளம்பும் நேரமும் அதேதான். மலாக்கா நீரிணைப் பக்கம் இரவில் திரண்டு கிழக்கே நகர்ந்து வரும் அது, வந்துவிட்டால் ஓடித் தப்ப நேரம் இருக்காது. படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் வேலை செய்கிறதா, நங்கூரமும் கயிறும் படகின் அளவுக்குப் பொருந்துகின்றனவா, ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்பவை பெரிய திரைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை.

எஞ்சினைப் பற்றி ஒரு மெக்கானிக் என்னைவிட நன்றாகச் சொல்வார். அவருக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். எஞ்சினின் தண்டு நீளம் பின்பலகையின் உயரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதை மட்டும் நீங்களே பாருங்கள். 20 அங்குலப் பலகையில் 25 அங்குல எஞ்சின் தொங்கினால், யாரோ கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஓட்டுவதற்கு உல்லாசப் படகு ஓட்டுநர் உரிமம் வேண்டும். படகுக்கும் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். துறைமுக நீர்ப்பரப்பில் ஓடும் எஞ்சின் படகில், அது எங்கே இருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவி இருக்க வேண்டும். பழைய படகை வாங்கும்போது அந்தக் கருவி உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள். 2014-ல் அறிவிக்கப்பட்ட சிஸ்டர்ஸ் தீவுகள் கடல் பூங்காவில் தூண்டில் போட முடியாது. சூடோங், பவாய், செனாங் தீவுகளைச் சுற்றிய பகுதி ராணுவத்தின் குண்டுப் பயிற்சிக் களம், அந்தப் பக்கமே போகக் கூடாது. கப்பல் போகும் வழித்தடங்களில் நங்கூரம் போடக் கூடாது.

விலை பேசி முடித்த பிறகும் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். முன்பணம் மட்டும் கொடுத்து, இரண்டு நிபந்தனைகளை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, வழக்கமாக உங்களோடு வரும் ஆட்களை ஏற்றிக்கொண்டு கடலில் ஓட்டிப் பார்ப்பது. இரண்டாவது, படகைக் கரையில் தூக்கி ஓரிரவு வைப்பது. தூக்கியவுடன் அடியிலுள்ள வடிகால் தக்கையைத் திறந்து, எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். ஒரு குவளை இயல்பு. வாளி நிறைந்தும் நிற்காமல் வந்தால் எங்கோ உள்ளே தேங்கியிருக்கிறது. மறுநாள் காலை ஓடு வெளியே காய்ந்திருக்கும்போது ஏதேனும் ஓரிடத்தில் மட்டும் ஈரம் கசிந்துகொண்டிருந்தால் அந்த இடத்தில் தட்டிப் பாருங்கள், பிறகு விலையைத் திரும்பப் பேசுங்கள். தூக்கும் கூலியை நீங்கள் தருவதாகச் சொல்லியும் விற்பவர் படகைத் தூக்கச் சம்மதிக்கவில்லை என்றால், அடுத்த படகைப் பார்க்கப் போய்விடலாம்.